வட்ட வாய், தட்டை வாய், ஓட்டை வாய்

அவரிடம் ஒரு சேதியைச் சொல்வதும் தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். இது ஊரறிந்த விஷயம். கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். லாரிக்குத் தார்ப்பாய், படகுக்கு மூடி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலிக்கு ரெக்ஸின் என்று எதையெல்லாம் துணியால் மூட முடியுமோ அதையெல்லாம் அளவெடுத்துக் கச்சிதமாக மூடிக் கொடுப்பார். மூடத் தெரியாதது தன் வாயை மட்டும்தான். அதனால் ஊர் அவருக்கு ஓட்டைவாயர் என்று பேர் வைத்திருந்தது. முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஏதோ பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம்போலத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

பேர் வந்த கதை இது. மருந்துக்கடைக்காரர் தன் மனைவியின் பிறந்தநாளுக்கு அந்த அம்மாளுக்கே தெரியாமல் ஒரு கார் வாங்கி, இருக்கைகளுக்கு உறை போட இவரிடம் விட்டார். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டும் போனார். அன்று சாயங்காலமே காய்கறிக் கடையில் அந்த அம்மாளைப் பார்த்த உறைக்காரர், "காருக்கு ஊதா நிறம் போட்டிருக்கேம்மா. உங்களுக்குப் புடிக்குமில்ல? புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க, அவருக்குத் தெரியாம மாத்திடறேன்" என்றார். பிறகு மருந்துக்கடைக்காரர் சண்டைக்கு வந்தபோது, "மூச்சு விடாதேன்னீங்க, விடல. பேச்சைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்று நியாயம் கேட்டாராம்.

உறைக்காரரின் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி சக்கரத்தைப் பிடித்தாலும் பக்கத்து இருக்கையில் பதறாமல் உட்கார்ந்திருப்பாள். "பிரேக்" என்று அவள் சொல்கிற ஒற்றைச் சொல்லுக்குக் கால் தானாக இறங்கும். வீட்டில் அந்தச் சொல் எடுபட்டதில்லை.

ஊரின் கடைசியில் முள்கம்பி வேலிக்கு அப்பால் விமானத் தளம் இருந்தது. தளத்துக்குள்ளேயே ஓர் ஆராய்ச்சிக்கூடமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு சரக்கு விமானத்தின் விமானி இருக்கை கிழிந்து, அதன் மெத்தையை மட்டும் ஒருவர் இவர் கடைக்குத் தைக்கக் கொண்டுவந்தார். விமானம் வரவில்லை, விமானியும் வரவில்லை, வந்தது பஞ்சு பிதுங்கிய ஒரு மெத்தை. அன்றிலிருந்து அவர் எந்தப் பேச்சை எடுத்தாலும், "நம்ம விமானத் துறையில பாத்தீங்கன்னா..." என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்தத் துறையின் தலைமையகம் அவருடைய மச்சானின் முடிதிருத்தும் கடை. மனைவியின் தம்பி அவன். மூன்று சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, மூலையில் ஒரு டிவி. முடி வெட்டிக்கொள்பவர் ஒருவர் என்றால் பேச வந்தவர்கள் நாலு பேர். ரேடார் கண்ணில் படாத புதிய ஸ்டெல்த் போர் விமானம் ஒன்றை அரசாங்கம் உருவாக்குகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து அங்கே வேறு பேச்சே இல்லை. விமானம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு படம் வெளியிட்டிருந்தார்கள். இன்ஜினைப் பற்றி மட்டும் ஒரு வரி கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

ஒரு இன்ஜினா, ரெண்டா? வெளியில் வாங்கியதா, சொந்தமாகச் செய்ததா? இப்படியெல்லாம் கிளம்பிய சண்டை கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. வாலில் நெருப்பு வெளியேறுகிற வாய் இருக்கிறதே, அது வட்டமாக இருக்குமா, தட்டையாக இருக்குமா?

உறைக்காரர் தட்டை வாய்க் கட்சி. "ஒளிஞ்சு போறதுக்குன்னே ஒரு விமானம் செய்யறான். அதுக்குப் பின்னாடி அடுப்பு மாதிரி வட்டமா செவசெவன்னு தெரிஞ்சா எப்படி? தட்டையா அமுக்கி விட்டாத்தான் சூடு பரவிப் போகும், தேடறவன் கண்ணுக்குச் சிக்காது."

மச்சான் வட்ட வாய்க் கட்சி. வாடிக்கையாளரின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே பேசுவான் என்பதால் அவன் கட்சிக்கு அந்த நேரத்தில் எதிர்ப்பு இருக்காது. "மாமா, தட்டையாக்கினா கனம் கூடும், தள்ளுற வேகம் குறையும். முதமுதலா செய்யறவன் எதுக்கு அந்த வம்புக்குப் போறான்? வட்டம்தான்."

மருந்துக்கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். "ஒண்ணு வட்டமும் ஒண்ணு தட்டையுமா கூட இருக்கலாம்" என்பார். அவரை இரண்டு கட்சியுமே சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் உறைக்கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பெண் பொறியாளர். தலைமுடியை இறுக்கி முடிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தூங்கி ரொம்ப நாளானவர் போல இருந்தார். கடைக்குள் மடித்து வைத்திருந்த தார்ப்பாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார்.

"தீப்பிடிக்காத கேன்வாஸ் தைப்பீங்களா?"

"துணி குடுத்தா யானைக்கே சட்டை தைப்பேன்" என்றார் உறைக்காரர்.

"யானை இல்ல. வண்டியில ஏறுங்க, அங்க வந்து பேசலாம்."

தளத்தின் வாசலில் அவருடைய கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு அதிகாரி. முகத்தில் மீசையைத் தவிர எதுவும் அசையாத மனிதர்.

"இங்க பாக்கறதை வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மனைவிகிட்டயும்."

"சரிங்க."

"ஊர்ல உங்களுக்கு ஏதோ ஒரு பேர் இருக்காமே?"

உறைக்காரர் முன்பல்லைத் தொட்டுக் காட்டினார். "அது... சின்ன வயசுல முன்பல் விழுந்தப்ப வச்ச பேருங்க."

அதிகாரி அவர் பற்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். எல்லாம் வரிசையாக இருந்தன. "முளைச்சிடுச்சு போல" என்றவர், கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினார்.

கொட்டகை பெரியது. பொருட்காட்சி அரங்கு போல உயரம். நடுவில் ஒரு பிரம்மாண்டமான உருவத்தைச் சாம்பல் துணியால் போர்த்தியிருந்தார்கள். வால் பக்கம் மட்டும் போர்வை விலக்கியிருந்தது. பொறியாளர் விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் பார்க்க விமானத்தை வெளியே கொண்டுவரப் போகிறார்கள். ஆனால் இன்ஜின் வாய் மட்டும் யார் கண்ணிலும் படக் கூடாது. வெளியூரில் ஆர்டர் கொடுத்துத் தைத்து வந்த மூடி அளவு தப்பி, மாட்டும்போதே கிழிந்துபோனது. புதிதாகத் தைத்தனுப்ப அவர்களுக்கு அவகாசம் இல்லை.

உறைக்காரர் அளவுநாடாவை உருவிக்கொண்டு வால் பக்கம் போனார். நிமிர்ந்து பார்த்தார்.

வட்டம்.

அச்சடித்த காசு போலத் துல்லியமான வட்டம் என்று சொல்ல முடியாது. ஓரமெல்லாம் ரம்பம்போலப் பல் பல்லாக வெட்டியிருந்தது. ஆனால் வட்டம்தான். எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் வட்டம். குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் பொறியாளர்.

"இல்லம்மா... வட்டமா இருக்கே?"

"ஏன், உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணையா?"

"எனக்கென்னம்மா, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அளவெடுக்க ஆரம்பித்தார். கிழிந்த மூடியையும் கொண்டுவந்து காட்டினார்கள். அந்தப் பற்கள் உரசித்தான் அது கிழிந்திருந்தது. உள்பக்கம் இரண்டடுக்காகக் கம்பளி கொடுத்து, பற்கள் படுகிற இடத்தில் தோல்பட்டை வைக்கலாம் என்றார் இவர். சரி என்றார் பொறியாளர். இன்னொன்றும் சொன்னார்: வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது வட்டமா சதுரமா என்றே தெரியக் கூடாது, பெட்டி போல விறைப்பாக நிற்க வேண்டும். அதற்கு நாலு மூலையிலும் பிரம்பு போன்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் தைப்பது என்று முடிவானது. அவருடைய பெரிய தையல் இயந்திரத்தை ஜீப்பிலேயே ஏற்றி வந்து கொட்டகைக்குள் வைத்தார்கள்.

வேலை அவருக்குப் பிடித்துப்போனது. சிக்கல் வேலையில் இல்லை. சாயங்காலம் வேலி தாண்டி வெளியே வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது. ஊரில் அத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு விடை அவர் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளியே விடக் கூடாது. ஊமை கண்ட கனவாவது கனவு. இவர் ஊமையும் இல்லை, கண்டது கனவும் இல்லை.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

"இருக்கு டாக்டர். ஓடத்தான் மாட்டேங்குது" என்றாள் மனைவி.

திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். புதிதாக ஓட்டக் கற்பவர்களின் பயத்தை முகத்தில் பார்க்க மாட்டாள், காலில் பார்ப்பாள். கணவரின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சொல்ல முடியாததா, சொல்லக் கூடாததா?"

அவர் யோசித்தார். "கூடாதது."

"அப்படின்னா சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனைவி தன்னிடம் ஒன்றைக் கேட்காமல் விட்டது அவருக்கு என்னவோபோல இருந்தது. அன்று அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

மச்சான் அப்படி விடுகிற ஆள் இல்லை. முடிதிருத்தும் கடையில் உறைக்காரர் மூலை நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடி வழியாகவே கவனித்துவிட்டான்.

"என்ன மாமா, தட்டை வாய் மூடிக்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை; கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "இல்ல மாமா, நெசமாத்தான் கேக்கறேன். ஜீப்ல எங்கயோ போனீங்கன்னாங்க. வந்ததுல இருந்து இன்ஜின் பேச்சையே எடுக்க மாட்டேங்கறீங்க. உள்ள ஏதாவது பாத்தீங்களா? வட்டமா?"

உறைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பேசினால்தான் ரகசியம் போகும் என்று நினைத்திருந்தார். ஓட்டைவாயன் பேசாமல் இருந்தாலும் போய்விடும்! கட்சி மாறினாலும் போச்சு, தயங்கினாலும் போச்சு. இனி ஒரே வழிதான்.

"வட்டமா? எவன்டா சொன்னான்?" என்று எழுந்து நின்றார். "அங்க ஆபீசர் வீட்டு சோபாவுக்கு உறை போடப் போனேன். நான் ஏன் பேசலன்னா, பேச என்ன இருக்கு? தட்டைன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிஞ்ச விஷயத்தை எத்தனை நாள்தான் பேசறது?"

அன்று அவர் பேசியது போல அதற்கு முன்னால் பேசியதில்லை. பொய் என்று தெரிந்து பேசும்போது வார்த்தை இத்தனை வழவழப்பாக வரும் என்று அவருக்கே தெரியாது. மருந்துக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கம் மட்டும் தலையாட்டினார்.

பேச்சு கடையைத் தாண்டித் தெருவுக்கு வந்து, தெருவைத் தாண்டி வணிகர் சங்கத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்தில் விவாதம் என்று அறிவித்துவிட்டார்கள். வட்டத்துக்கு மச்சான், தட்டைக்கு மாமா, நடுவர் மருந்துக்கடைக்காரர். வழக்கமாக வியாபாரிகள் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் பெரிது. அன்று நாற்காலி போதாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு கொண்டுவந்தார்கள்.

மச்சான் முதலில் பேசினான். புதிய சட்டை, கையில் குறிப்பு. பாவம், வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருந்தான். வட்டமாக இருந்தால் எடை குறைவு, தட்டையில் மூலைகளில் சூடு சேர்ந்து விரிசல் விடும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அப்புறம் சொன்னான்: "ரேடார்ல இருந்து தப்பிக்கத் தட்டையாத்தான் இருக்கணும்னு இல்லீங்க. வட்டத்தோட ஓரத்துல ரம்பம் மாதிரி பல் வெட்டி விட்டாப் போதும்."

உறைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். தான் கையால் தொட்டுப் பார்த்த பல்லை இவன் மேடையில் ஏற்றிவிட்டான். மாமாதான் சொல்லிக்கொடுத்தார் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? கூட்டத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில், சாதாரண உடையில், அதே இறுக்கிய முடிச்சோடு பொறியாளர் உட்கார்ந்திருந்தார்.

உறைக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"பல்லாம்! கேட்டீங்களா சபையோரே? விமானத்துக்குப் பல்லாம்! பல் டாக்டர் நாற்காலிக்கு உறை தைச்சவன் நான், பல்லைப் பத்தி எனக்குச் சொல்றான். ஏன் மச்சான், விமானம் எதிரியைச் சுடப் போகுதா, கடிக்கப் போகுதா?"

கட்டடம் அதிர்ந்தது. அவர் விடவில்லை. "தேடறவன் கண்ணுல முதல்ல படறது எது? வட்டம்! வானத்துல நிலாவைத் தேடிக் கண்டுபிடிக்கணுமா? தானா தெரியுது. ஏன்? வட்டம்! பூனை இருட்டுல ஒளிஞ்சா எது காட்டிக் குடுக்குது? கண்ணு! அதுவும் வட்டம்! தண்ணிக் குழாய் வாயை விரலால அமுக்கிப் பாருங்க, தண்ணி எப்படிப் பீச்சுது? அதுதாங்க தட்டையோட வேகம்!" ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். வணிகர் சங்கத் தலைவர் எழுந்து நின்றே தட்டினார்.

மச்சான் நடுவில் குறுக்கிட்டு, "தண்ணி வேற, நெருப்பு வேற மாமா" என்று சரியாகத்தான் சொன்னான். சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேடையில் குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் நின்றதைப் பார்த்ததும் உறைக்காரருக்கு மைக்கை அவனிடமே கொடுத்துவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று கேட்பார்கள். தட்டை வாய் வென்றது.

மறுநாள் காலை கொட்டகையில் பொறியாளர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். இவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நேத்து நீங்க சொன்ன காரணம் அத்தனையும் தப்பு" என்றார் பொறியாளர். "அந்தத் தண்ணிக் குழாய் விஷயத்தைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. உங்க மச்சான் சொன்னது அத்தனையும் சரி."

"தெரியும்மா" என்றார் உறைக்காரர் பரிதாபமாக.

"ரொம்ப நல்லா பேசினீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இன்னொரு இடி விழுந்தது. மச்சான் வீடு தேடி வந்தான்.

"மாமா, ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க சொல்றதுதான் சரி. நான் தட்டைக்கு வந்துட்டேன்."

உறைக்காரர் பதறிப்போனார். "டேய், வேணாம்டா! நீ உன் கட்சியிலயே இரு!"

"ஏன் மாமா? நீங்கதானே..."

"அது... எல்லாரும் ஒரே கட்சியில இருந்தா சாயங்காலம் என்னத்தைப் பேசறது? எதிர்க்கட்சி வேணும்டா ஒரு ஊருக்கு!"

"இல்ல மாமா. தப்புன்னு தெரிஞ்சப்புறம் அதையே புடிச்சுத் தொங்கக் கூடாது" என்றான் மச்சான், நேர்மையே உருவாக. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி இதையெல்லாம் கேட்டாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். எதையோ புரிந்துகொண்டவள்போலத் திரும்பவும் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

விமானத்தை வெளியே காட்டிய நாளில் கடைகளெல்லாம் பாதி சாத்தியிருந்தன. டிவியைப் பார்க்க முடிதிருத்தும் கடையில் நிற்க இடமில்லை. பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து முன்வரிசையில் நின்றுகொண்டார். மனைவியும் வகுப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள். கொட்டகைக் கதவு திறந்தது. மூக்கு வந்தது, இறக்கை வந்தது, உடம்பு வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, கேமரா மெல்லப் பின்பக்கம் நகர்ந்தது.

வாலில் பெட்டிபோல ஒரு சாம்பல் நிற உறை. அவ்வளவுதான்.

"அட, மூடி வச்சுட்டானே!" என்று கடையே ஓலமிட்டது.

உறைக்காரர் மட்டும் அசையவில்லை. நாட்டில் இருக்கிற அத்தனை டிவியிலும் தன் தையல்! நாலு மூலையும் கத்திபோல நிற்கிறது. அப்போது மச்சான் திரையின் பக்கத்தில் போய் விரலை வைத்துச் சொன்னான்:

"எவனோ அரைகுறை தைச்சிருக்கான் பாருங்க மாமா. இந்த ஓரத்துல சுருக்கம்."

"சுருக்கமா!" என்று அலறினார் உறைக்காரர். "அது காத்து அடிக்கிற பக்கம்டா! அங்க இறுக்கித் தைச்சா..." அதற்கு மேல் வார்த்தை வெளியே வருவதற்குள் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டார். கடை அவரைத் திரும்பிப் பார்த்தது. "...ஆமா. சுருக்கம்தான். எவனோ வேலை தெரியாதவன்" என்றார். சொந்தப் பிள்ளையைத் தெரியாதென்று சொன்னதுபோல வலித்தது.

மனைவி திரையையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்னமோ நல்லாத்தான் தைச்சிருக்காங்கன்னு தோணுது" என்றாள் பொதுவாக. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவார்.

உறை எத்தனை நாளைக்குத்தான் இருக்கும்? பறக்க வேண்டுமே. கொஞ்ச நாள் கழித்து ஒரு பகலில் வானம் கிழிகிற சத்தம் கேட்டு ஊர் முழுக்கத் தெருவுக்கு ஓடி வந்தது. தாழப் பறந்து திரும்பிய விமானத்தின் பின்பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. அன்றைக்கு டிவிக்காரர்களும் நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். வட்டம். ஓரத்தில் பல்.

"ஐயோ, நான் முதல்லயே சொன்னேனே! பல்லு கூடச் சொன்னேனே!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீதான் கட்சி மாறிட்டியே" என்றார் மருந்துக்கடைக்காரர். ஊர் உறைக்காரரைக் கேலி செய்து தீர்த்தது. தண்ணிக் குழாயைக் காணும்போதெல்லாம் யாராவது வாயை அமுக்கிக் காட்டினார்கள். அவருக்குக் கோபமே வரவில்லை. இதுவரைக்கும் ஒரு வார்த்தை வெளியே போகவில்லை என்ற திருப்தியில் சிரித்துக்கொண்டே நடந்தார்.

ஒரு நாள் பொறியாளர் போனில் கூப்பிட்டார். "விமானம் பறந்தாச்சு, இனி அந்த உறையில ரகசியம் ஒண்ணுமில்ல. நீங்கதான் தைச்சீங்கன்னு தாராளமா சொல்லிக்கலாம்."

உறைக்காரர் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை. முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்து ஜீப்பில் ஏறியதிலிருந்து ஒன்று விடாமல் கொட்டினார். அதிகாரியின் மீசை, பல் வைத்த வட்டம், தோல்பட்டை, குழாய், எல்லாம். கடை வாயைப் பிளந்து கேட்டது. அத்தனை நாள் அடக்கி வைத்த பேச்சு அணை உடைந்த மாதிரி ஓடியது. சொல்லி முடித்துவிட்டு, பாராட்டுக்காக மச்சானைப் பார்த்தார்.

மச்சானின் முகம் கறுத்திருந்தது.

"அப்போ அன்னிக்கு மேடையில... நான் சொன்னது சரின்னு தெரிஞ்சேதான் என்னை அந்தக் கிழி கிழிச்சீங்களா?"

இந்தப் பக்கத்தை உறைக்காரர் யோசிக்கவே இல்லை.

"மச்சான், வேற வழி இல்லடா..."

"அது சரி மாமா. நாட்டுக்காகத்தான். ஆனா அத்தனை பேர் முன்னாடி பல்லைக் காட்டிச் சிரிச்சாங்களே, அப்ப நான் ஒரு ராத்திரி தூங்கல. நான்தான் முட்டாள்னு நெனச்சுக்கிட்டேன்." கத்தரியை மேசையில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் மச்சான் அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவர் முடி வெட்டிக்கொள்ளப் போனால் உதவியாளரை அனுப்பினான். முடி வளர்ந்து காதை மூடியது. மனைவி இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். கடைசியில் தம்பியிடம், "உனக்கு அவர் என்னதான்டா செய்யணும்?" என்று நேரடியாகக் கேட்டாள்.

"தப்பை எங்க பேசினாரோ அங்கயே வந்து நிஜத்தைப் பேசச் சொல்லு" என்றான் அவன்.

அவ்வளவுதானே? உறைக்காரர் கையோடு வணிகர் சங்கத்துக்குப் போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் கேட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை பெஞ்சும் போதவில்லை. சன்னலிலெல்லாம் ஆட்கள். மேடை ஏறி மச்சானின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"சபையோரே, அன்னிக்கு இவன் சொன்னது ஒண்ணு விடாம சரி. நான் சொன்னது ஒண்ணு விடாமத் தப்பு. வட்டத்துல எடை குறைவு, சரி. மூலையில சூடு சேரும், சரி. பல்லு... அந்தப் பல்லை நான் இந்தக் கையால தொட்டுப் பாத்தேன். எவனும் பாக்காததை முடிவெட்டற கடையில நின்னுக்கிட்டே யோசிச்சுச் சொன்னவன் என் மச்சான்!"

கைதட்டலில் மச்சான் தலை குனிந்து சிரித்தான். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். உறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்போ, ஏன் வட்டம்னு கொஞ்சம் விவரமா சொல்றேன். நம்ம விமானத் துறையில பாத்தீங்கன்னா..."

முதலில் சன்னலில் நின்றவர்கள் போனார்கள். பிறகு பெஞ்சுகள் காலியாயின. நடுவர் நாற்காலியில் மருந்துக்கடைக்காரர் தூங்கிவிட்டார். பொறியாளர் தைப்பதற்குக் கொடுத்த நூலின் தடிமனுக்கு இவர் வந்து சேர்ந்தபோது மச்சான் மைக்கைப் பிடுங்கினான்.

"போதும் மாமா! மன்னிச்சுட்டேன். சத்தியமா மன்னிச்சுட்டேன். கடைக்கு வாங்க, முதல்ல இந்த முடியை வெட்டணும்."

வாசலில் பயிற்சிப் பள்ளியின் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அன்றுதான் முதல் தடவையாகச் சக்கரத்தைப் பிடித்த ஒரு பெண்மணி; பக்கத்தில் மனைவி. பின்னால் மாமனும் மச்சானும் ஏறிக்கொண்டார்கள். கார் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

"மாமா, அடுத்த விமானத்துக்கு இன்ஜினை நாமளே சொந்தமா செய்யறாங்களாம். கேள்விப்பட்டீங்களா?"

"எவன் சொன்னான்? வாய்ப்பே இல்ல."

"செய்யறாங்க மாமா. அதுவும் ரெண்டு."

"ரெண்டா! டேய், ஒண்ணைச் செய்யவே..."

ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணி இதைக் கேட்கும் ஆவலில் பின்னால் திரும்பினார்.

"ரோட்டைப் பாருங்கம்மா" என்றாள் மனைவி. "அவங்க ரெண்டு பேர் சண்டை முடியவே முடியாது."

பெண்மணி முன்னால் திரும்பிக்கொண்டார். "இல்லீங்க, எனக்கென்னமோ ஒண்ணுதான் இருக்கும்னு தோணுது" என்றார் மெதுவாக.

"பிரேக்" என்றாள் மனைவி.